பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

“அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை குடுங்க தம்பி, பிரஷருக்குப் போடுறது.”

மருந்துக் கடையில் நிற்கும் எனக்கு இந்தக் குரல் தினமும் கேட்கும். சின்ன வெள்ளை மாத்திரை என்று தேடினால் அம்லோடிபின் கிடைக்கும். தைராய்டு மாத்திரையும் கிடைக்கும், தூக்க மாத்திரையும் கிடைக்கும். நிறத்தையும் அளவையும் வைத்து மருந்து கேட்கிறவர்களில் பலர் பத்து வருடமாக அதையே விழுங்கிக்கொண்டிருப்பவர்கள். பெயர் மட்டும் தெரியாது. பிரஷர் மாத்திரையால் வரும் விபத்துகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கின.

ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுக்க வந்தது. அதில் அவருக்கு அம்லோடிபின் 5 மி.கி. கிடைத்துக்கொண்டிருந்தது. இடையில் மகன் தனியார் மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுவதை அங்கே யாரும் சொல்லவில்லை. அவர் டெல்மிசார்ட்டனும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரு மாத்திரை எழுதினார். அம்மா இரண்டையும் சாப்பிட்டார். ஒன்று வெள்ளை, ஒன்று இரண்டு நிறம், வேறு வேறு மருந்து என்று நினைத்தார். இரண்டு மாதத்தில் கால் வீங்கியது. வீக்கத்துக்கு மூன்றாவது ஒருவரிடம் போனார்கள், நீர் மாத்திரை வந்தது. ஒரு விடியற்காலை கிறுகிறுத்துக் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. கொடுத்த மூன்று பேரும் தப்பான மருந்து எதையும் கொடுக்கவில்லை. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

அதனால்தான் இந்த வழிகாட்டியை அட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் படி: பெயரைக் கண்டுபிடியுங்கள்

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், பக்கத்திலேயே எத்தனை மி.கி. என்றும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. கம்பெனிப் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். ஏ.எம். என்றால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்தது, ஹெச். என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சி.டி. என்றால் குளோர்தாலிடோன். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும், ஆகவே எழுத்தை நம்பாமல் உள்ளடக்க வரியைப் படியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்; சொல்ல வேண்டியது அவர் கடமை.

ஒரே மருந்து இரண்டு அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்களாக ஒன்றை நிறுத்த வேண்டாம், அன்றே மருத்துவரிடம் இரண்டு அட்டையையும் காட்டுங்கள்.

பெயரின் வால் எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குணம் உண்டு.

‘டிபின்’ என்று முடிந்தால் (அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின்) ரத்தக் குழாயைத் தளர்த்தும் வகை. அம்லோடிபினில் கணுக்கால் வீங்குவது சகஜம், அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். இது உடம்பில் நீர் சேர்ந்து வருகிற வீக்கம் அல்ல. நுண்ணிய குழாய்களிலிருந்து திசுவுக்குள் கசிவதால் வருவது. ஆகவே நீர் மாத்திரை இதற்குச் சரியாக வேலை செய்யாது. மேலே சொன்ன அம்மாவுக்கு நடந்தது இதுதான். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். மூச்சுத் திணறலோடு கால் வீங்கினால் அது வேறு விஷயம், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

‘பிரில்’ என்று முடிந்தால் (எனலாபிரில், ராமிபிரில்) வறட்டு இருமல் வரலாம். சளி இருக்காது, தொண்டையில் ஏதோ உறுத்துவது போல இருக்கும். மாதக்கணக்கில் இருமல் டானிக் வாங்கிப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்றுதான். இருமல் தொல்லைதான், ஆபத்து இல்லை. உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரி, அதற்குப் பிறகு வாழ்நாளில் அந்த வகை மாத்திரை கூடாது.

‘சார்ட்டன்’ (டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ஓல்மெசார்ட்டன்) இருமல் தராது என்று சொல்லிவிடலாம். ஆனால் பிரிலைப் போலவே ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கருவுற்றிருக்கும்போதும் இரண்டும் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். குழந்தைக்கு முயற்சி செய்யும் பெண்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் லாபெட்டலால், மெத்தில்டோபா போன்ற வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்கள்.

‘லோல்’ (அட்டெனலோல், மெட்டோபுரோலோல்) நாடித்துடிப்பைக் குறைக்கும். வீசிங், ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று குறையும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர் மாத்திரைகள் (ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசெமைடு) உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். கெண்டைக்கால் பிடிப்பு, யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்கி வலிப்பது எல்லாம் வரலாம். நான் அதிகம் பயப்படுவது வயதானவர்களுக்குச் சோடியம் குறைவதைப் பற்றித்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தூங்கித் தூங்கி விழுகிறார், உளறுகிறார், நடை தடுமாறுகிறது என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இரண்டாவது படி: முதல் மாத்திரைக்கு முன்பு

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை: ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, முன்பு எந்த மருந்துக்காவது வீக்கமோ இருமலோ வந்தது, கர்ப்பம், வேறு எங்கேயாவது வாங்கும் மாத்திரை. நாட்டு மருந்தும் அதில் சேர்த்தி. எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டிக் காட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பிரில், சார்ட்டன், நீர் மாத்திரை தொடங்குகிறவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), சோடியம், பொட்டாசியம் மூன்றையும் தொடங்கும் முன்னும், தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்திலும் பார்க்க வேண்டும். பிரில், சார்ட்டன் தொடங்கியதும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது உண்டு. முப்பது சதவீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை, மறுபடி பார்ப்பார்கள். இந்தச் சின்ன ஏற்றத்தைப் பார்த்துவிட்டு “மாத்திரை கிட்னியைக் கெடுக்குது” என்று நிறுத்தியவர்களை நான் அறிவேன். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். சர்க்கரையால் சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவே இந்த மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது படி: முதல் இரண்டு வாரம்

அம்லோடிபின் முழுதாக வேலை செய்யத் தொடங்க ஒரு வாரம் ஆகும். காலையில் விழுங்கிவிட்டு மதியம் அளந்து பார்த்து “குறையவே இல்லை” என்று இன்னொன்று போடாதீர்கள்.

இந்த நாட்களில் தலை கிறுகிறுப்பு வரலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலைக் கொஞ்சம் ஆட்டி, பிறகு எழுந்து நில்லுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்களுக்கு இது உயிர் காக்கும் பழக்கம். வழியில் ஒரு விளக்கும் எரியட்டும். பிரசோசின் எழுதியிருந்தால் முதல் மாத்திரையை இரவில் படுக்கப் போகும்போதுதான் போட வேண்டும், முதல் தடவை பிரஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரக்கூடும்.

கிறுகிறுப்பு தொடர்ந்தால் நின்றபடியும் அளந்து பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது இருந்ததைவிட, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கார வைத்து மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

நான்காவது படி: தினசரி

காலையா இரவா என்று கேட்காதவர் இல்லை. பிரிட்டனில் 21,104 பேரை வைத்து நடத்திய டைம் ஆய்வின் முடிவு 2022-ல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எதிலும் இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு மறக்காத நேரம் எதுவோ அதுதான் நல்ல நேரம். நீர் மாத்திரை மட்டும் காலையில், இல்லையென்றால் இரவெல்லாம் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். சேர்த்து இரண்டு மட்டும் வேண்டாம்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., இ.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் ஒரு நாளைக்குரிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். விழுங்க முடியாதவருக்கு வேறு மாத்திரை கேளுங்கள்.

டெல்மிசார்ட்டன் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஏழு நாள் டப்பாவில் உரித்துப் போட்டு வைப்பதற்கு அது தோதுப்படாது. அட்டையோடு கத்தரித்துப் போடுங்கள். அடுப்படி அலமாரியும் குளியலறையும் எந்த மாத்திரைக்கும் ஆகாது. கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஐந்தை மட்டும் வாங்கினால், பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பாதியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கடைக்காரரையே உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் அளப்பதற்கு: காப்பி, டீ, பீடி, சிகரெட் இல்லாமல் அரை மணி நேரம், சிறுநீர் கழித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலை மாத்திரைக்கு முன்பு அளப்பது நல்லது. வீட்டில் பொதுவாக 135/85-க்குக் கீழே இருக்க வேண்டும், உங்களுக்கான இலக்கு வேறாக இருக்கலாம். ஒரு நாள் எண்ணைப் பார்த்து யாரும் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஒரு வார எண்களை நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

ஐந்தாவது படி: பிரஷர் மாத்திரையோடு சேராதவை

முதல் எதிரி மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் எல்லாம் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பிரஷரை ஏற்றும். சார்ட்டனோ பிரிலோ சாப்பிடுகிறவர், நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், அதோடு வலி மாத்திரையும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். “முட்டி வலிக்குது, ஏதாவது குடுங்க” என்று கேட்டுச் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை சில நாளிலேயே கிரியாட்டினினை ஏற்றிவிட முடியும். வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை, அதையும் மாதக்கணக்கில் வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகை வேண்டவே வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

சளிக்கு வாங்கும் கூட்டு மாத்திரையில் பெரும்பாலும் ஃபினைல்எஃப்ரின் இருக்கும். மூக்கடைப்பைத் திறக்கும்போதே ரத்தக் குழாயையும் சுருக்கும். பிரஷர் உள்ளவர் என்று சொல்லித்தான் சளி மாத்திரை கேட்க வேண்டும்.

அதிமதுரம். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர்தான். தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும், நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இரட்டை அடி. எப்போதாவது ஒரு நாள் கஷாயத்தில் போடுவதை நான் சொல்லவில்லை, தினமும் மெல்லுகிறவர்களைச் சொல்கிறேன்.

உப்பில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று அள்ளிப் போடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இன்னொன்று, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று பாக்கெட்டில் விற்பது. சோடியத்துக்குப் பதிலாக அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பலருக்கு அது நன்மை தரும். ஆனால் சார்ட்டன், பிரில், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை வெளியேற்றாமல் தேக்கும் நீர் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பொட்டாசியம் எல்லை மீறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். இந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் தினமும் இளநீர் குடிக்கும் முன்பும் கேட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, ஒரு டீஸ்பூன் மட்டம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

கேட்கக் கூச்சப்படும் ஒன்றும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையை நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்த்தால் பிரஷர் அடியோடு இறங்கி உயிர் போகலாம். பிரசோசின் போன்றவற்றோடும் ஆபத்து. கூச்சத்தை விட்டுக் கேளுங்கள். எங்களுக்கு அது இன்னொரு மருந்து, அவ்வளவுதான்.

ஆறாவது படி: வழக்கம் மாறும் நாட்கள்

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல். இந்த நாட்களில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சார்ட்டன், பிரில், நீர் மாத்திரையைத் தொடர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று பாதிக்கப்படலாம். மருத்துவருக்கு அன்றே போன் செய்து, ஓரிரு நாள் நிறுத்திவைக்கலாமா, எப்போது மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். நன்றாக இருக்கும்போதே இந்தக் கேள்வியைக் கேட்டுச் சீட்டின் பின்னால் எழுதி வாங்கி வைப்பது இன்னும் நல்லது. அக்னி நட்சத்திர வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

அறுவை சிகிச்சை, பல் பிடுங்குவது, சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேன் எதுவானாலும் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். சிலவற்றை முதல் நாளே நிறுத்தச் சொல்வார்கள், ‘லோல்’ வகையைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள்.

விரத நாளில் மாத்திரையையும் சேர்த்து விடுகிறவர்கள் அதிகம். நாளைக்கு ஒரு வேளை போடும் மாத்திரையை, நோன்பு காலமானால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றித் தர மருத்துவரால் முடியும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கும் நாளில் பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம், வேறாகச் சொல்லியிருந்தால் தவிர. சர்க்கரை மாத்திரைதான் சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்.

ஏழாவது படி: நிறுத்துவது பற்றி

“பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்.” நார்மல் ஆனது மாத்திரையால்தான். நிறுத்தினால் சில நாளிலோ சில வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறும், தலைவலிகூட இல்லாமல் ஏறும். ‘லோல்’ வகையையும் குளோனிடினையும் திடீரென்று விட்டால் உடனடி ஆபத்து. நாடி தறிகெட்டு ஓடும், பிரஷர் முன்பைவிட உயரே போகும், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். ஊருக்குப் போகும்போது நாலு நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையில் இருக்கட்டும்.

எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடி, பிரஷர் உண்மையிலேயே இறங்கிக்கொண்டே வந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார். அப்படிக் குறைத்தவர்கள் என் கடைக்கும் வருகிறார்கள், சந்தோஷமாக இருக்கும்.

எட்டாவது படி: அவசரம் வந்தால்

எண் 180/120-ஐத் தாண்டியது, ஆனால் உடம்பில் வேறு ஒன்றும் இல்லை. பதறாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கூடுதலாக ஒரு மாத்திரை போட வேண்டாம். நாக்குக்கு அடியில் நிஃபெடிபின் வைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பிரஷரைக் கட்டுப்பாடில்லாமல் இறக்கிப் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் அதுவே வரவழைத்ததால் 1990-களிலேயே மருத்துவ உலகம் அதை எச்சரித்துவிட்டது.

அதே எண்ணோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல், குழப்பம் வந்தால் உடனே 108. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குளறுவது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், எண்ணைப் பார்க்கவே நேரம் செலவழிக்காதீர்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணிக்குள்தான், அது சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். வீட்டில் பிரஷர் மாத்திரை கொடுத்து இறக்கிப் பார்க்கலாம் என்று எதையும் வாயில் போடாதீர்கள். விழுங்க வராமல் நுரையீரலுக்குள் போகலாம்.

பிரஷர் இறங்கிக் கண் இருட்டினால் தரையிலேயே படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மயக்கம் தெளியாவிட்டாலோ, கறுப்பாக மலம் போயிருந்தாலோ (உள்ளே ரத்தம் கசிவதாக இருக்கலாம்), தெரியாமல் மாத்திரைகளை அதிகமாக விழுங்கியிருந்தாலோ அதுவும் 108-தான்.

ஒருவர் வண்டியில் ஏற்றும்போது இன்னொருவர் மாத்திரை அட்டைகள் முழுவதையும் அந்த மஞ்சள் பையில் அள்ளிக்கொள்ளுங்கள், காலியானவற்றையும் சேர்த்து. கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார், நன்றாக இருந்ததைக் கடைசியாக எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்ற இரண்டையும் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் நிற்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.